கோணக்கால் தோட்டம் எங்கே இருக்கிறது?

கையில் இருக்கிற கரிபாப் பலகாரத்தை முதலில் சாப்பிட்டு முடியுங்கள். நான் பேச ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த மாட்டேன், சிரிக்கும்போது உங்களுக்குப் புரையேறினால் அந்தப் பழியும் என் தலையில் விழும். மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். நாலு வார்த்தையோடு வாயை மூடுகிற ஆள் நான் இல்லை என்பது கூப்பிட்டவர்களுக்கே தெரியும்.

சட்டம், படிவம், சத்தியப் பிரமாணம் எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார், நடுவில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். பதில் சொல்கிறவருடைய வாழ்க்கை சில நேரம் உங்கள் நாக்கில் தொங்கும். அப்போது அந்த நாக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன், அதுவும் ஒரு லேண்ட்ரோவரின் பின்சீட்டில். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது, சந்தோஷத்தில்தான்.

எழுபதுகளின் கடைசி. ஈப்போவில் குடிநுழைவு அலுவலகத்தில் எனக்குத் தமிழ்–மலாய் மொழிபெயர்ப்பு வேலை. நான் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், அப்போது ஈப்போவிலேயே சிலிபினில் வாடகைக்குக் குடியிருந்தேன். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போவேன். பசார் பக்கம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.

நம் பையன்கள் நிறையப் பேர் அப்போது தமிழ்நாட்டுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வருவார்கள். வந்த பெண்ணுக்கு முதலில் கொஞ்ச நாள் தங்கும் அனுமதிதான் கிடைக்கும். அது முடிவதற்குள் மனைவி விசாவுக்கு நேர்காணல் நடக்கும். புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள், பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்பார்கள். இருவர் பதிலும் ஒத்துப்போனால் குடும்பம் நடத்துகிறார்கள் என்று அர்த்தம். ஒத்துப்போகவில்லை என்றால் பெண்ணுக்குப் பினாங்கிலிருந்து ஊருக்குத் திரும்பக் கப்பல்.

நேர்காணல் நடத்தியவர் ஒரு மலாய்க்கார அதிகாரி. பெயர் வேண்டாம். நாங்கள் எல்லாரும் 'என்சிக்' என்றுதான் அழைப்போம், ஐயா என்கிற மாதிரி. நேர்மையான மனிதர், ஆனால் லேசில் எதையும் நம்ப மாட்டார். அதற்கும் காரணம் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஜோடி தடிமனான கல்யாண ஆல்பத்தோடு வந்து, மாலையும் கழுத்துமாக நின்ற படங்களைக் காட்டி அனுமதி வாங்கிப் போனது. பிறகு பார்த்தால் அந்தப் பெண் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறாள், புருஷன் எங்கே என்று கேட்டால் எந்தப் புருஷன் என்கிறாள். அன்றிலிருந்து என்சிக் ஆல்பத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவர் முன்னால்தான் பெரியசாமியும் தனலட்சுமியும் வந்தார்கள். பெரியசாமி தோட்டத்து லாரி ஓட்டுகிறவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய் வழிய வழிய வாரிய வகிடு. தனலட்சுமிக்குத் துறையூர்ப் பக்கம், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கத்திரிப்பூ நிறத்தில் ஜரிகைச் சேலை கட்டியிருந்தாள். பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் கையாலேயே இரண்டு தரம் தூசி தட்டிவிட்டு, நுனியில் பட்டும் படாமல் உட்கார்ந்தாள். அவளுடைய அனுமதி அந்த வாரத்தோடு முடிகிறது.

பெரியசாமி முதலில் உள்ளே வந்தார். விறைப்பாக நின்றார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று என்சிக் கேட்டதும், நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே, "லாக்மூர் எஸ்டேட், டிவிஷன் நம்பர் டூ" என்று பதில் வந்தது. அடுத்த வீட்டில் யார் என்றதற்கு, "திருமதி அஞ்சலை, மாரிமுத்துவின் மனைவி" என்றார். உங்களை என்ன பெயரில் அழைப்பார்கள் என்றதற்கு, "பெரியசாமி" என்றார், அதையும் அடையாளக் கார்டில் இருக்கிறபடி அப்பா பெயரோடு சேர்த்து. வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. என்சிக் எழுதிக்கொண்டே திருப்தியாகத் தலையசைத்தார்.

அடுத்தது தனலட்சுமி. அதே கேள்வி.

"எங்கம்மா குடியிருக்கீங்க?"

"கோணக்கால் தோட்டத்துலங்க."

எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல் அப்படியே மலாயில் சொன்னேன்: லாடாங் காக்கி பெங்கோக். கால் கோணிய தோட்டம். என்சிக் பேனாவை எடுக்கவே இல்லை.

"அடுத்த வீட்ல யாரு இருக்கா?"

"குண்டக்காங்க."

காக்கா கெமோக் என்றேன். குண்டான அக்கா.

"வீட்டுக்காரர் பேரு என்ன?"

தனலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அவள் ஊரில் இல்லை. என்சிக் விடவில்லை, மறுபடி கேட்டார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, "எல்லாரும் ரேடியோன்னுதான் கூப்புடுவாங்க" என்றாள்.

ரேடியோவுக்கு மலாயிலும் ரேடியோதான். என்சிக் பேனாவை மேசைமேல் வைத்தார். "நான் புருஷனைக் கேட்டேன், வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்று கேட்கவில்லை" என்றார்.

பார்த்தீர்களா, நீங்களே சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நடந்தது என்ன என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. தோட்டத்துக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று வெள்ளைக்காரன் வைத்து, பலகையில் எழுதி, சம்பளச் சீட்டில் அச்சடித்த பெயர். இன்னொன்று நம் ஜனங்கள் வைத்த பெயர். என்றைக்கோ ஒரு துரைக்குக் கால் கோணலாக இருந்திருக்கும், அவர் சீமைக்குப் போய்ச் செத்தும் போயிருப்பார், தோட்டம் மட்டும் கோணக்கால் தோட்டமாகவே நிற்கும். நான் பிறந்த தோட்டத்துக்குச் சட்டித் தோட்டம் என்று பெயர். அதன் இங்கிலீஷ் பெயர் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதுதான் தெரிய வந்தது.

பெரியசாமிக்குத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் யாரோ நல்ல மனதோடு புத்தி சொல்லியிருக்கிறார்கள். ஆபீசில் ஆபீஸ் மாதிரிப் பேசு, தோட்டத்து வாயைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போ என்று. அவரும் தோட்டத்துப் பெயர், அடுத்த வீட்டுக்காரி பெயர், தன் பெயர் மூன்றையும் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்துவிட்டார். முதல் இரண்டையும் பெண்டாட்டி காதால் கேட்டதே இல்லை, மூன்றாவதை வாயால் சொல்ல மாட்டாள். வீட்டில் யார் லாக்மூர் என்று பேசுகிறார்கள்? இந்தத் தப்பை நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லுங்கள் பார்ப்போம். "என்சிக், லாக்மூரும் கோணக்காலும் ஒன்றுதான்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அல்லது அவள் கோணக்கால் என்றபோதே மலாயில் லாக்மூர் என்று மாற்றியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உங்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்பீர்கள், இரக்கப்பட்டு.

நான் ஏன் செய்யவில்லை என்றால், எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது. ஊகம்தான். பேராக் மாநிலத்தில் கால் கோணிய துரை ஒருத்தர்தான் இருந்தார் என்று நான் எப்படிச் சத்தியம் செய்வேன்? இன்னொன்று, அவள் வாயில் லாக்மூரை நான் வைத்தால் அது என் சாட்சி, அவளுடைய பதில் இல்லை. ஒரு முறை என்சிக் அதைக் கண்டுபிடித்தால் அதற்குப் பிறகு நான் மொழிபெயர்க்கிற எந்தப் பெண்ணையும் அவர் நம்ப மாட்டார். அதற்காக வாயை மூடிக்கொண்டு அவளைக் கப்பலேற்றவும் மனசு வரவில்லை. எழுந்து நின்றேன்.

"என்சிக், மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்ல அனுமதி வேண்டும். அந்தப் பெண் சொன்னது பெயர்கள், நான் சொன்னது அவற்றின் அர்த்தம். எங்கள் ஜனங்கள் தோட்டத்துக்கும் ஆளுக்கும் தாங்களாக வேறு பெயர் வைப்பார்கள். இந்தத் தோட்டமும் அந்தத் தோட்டமும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது."

"நிஜமாகவே தெரியாதா?"

"தெரியாது, என்சிக்."

எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஃபைலை மூடியிருப்பார், பிற்பாடு அவரே சொன்னார். தெரியாது என்றதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். லேண்ட்ரோவர் சாவியை எடுத்தார். "அவள் வழி காட்டட்டும். புருஷன் இங்கேயே இருக்கட்டும். என்ன ஏது என்று அவனிடம் யாரும் பேசக் கூடாது" என்றார்.

பெரியசாமியை நினைத்துப் பாருங்கள். வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் கண்ணெதிரே பெண்டாட்டியை அரசாங்க வண்டியில் ஏற்றுகிறார்கள். எழுந்து ஓடி வந்தார். "அண்ணே, எங்கண்ணே கொண்டு போறீங்க? கப்பலுக்கா?" என்று கேட்டார். பேசக் கூடாது என்று உத்தரவு. நான் பேசவில்லை. வண்டி வாசலைத் தாண்டும்வரை அவர் பின்னாலேயே வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் இந்த வேலையையே வெறுத்தேன், மறைப்பானேன்.

என்சிக் வண்டி ஓட்டினார். தனலட்சுமி முன்சீட்டில், நான் பின்சீட்டில். கோப்பெங், கம்பார் எல்லாம் தாண்டித் தாப்பா ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று என்சிக் கேட்டார்.

"அப்பம் சுடுற சீனரு கடை வரும்ங்க. பெரிய குடை வச்சிருப்பாரு. அங்க திரும்பணும்."

போனோம். குடையும் இல்லை, சீனரும் இல்லை. அவள் கண்ணை அகட்டி வெளியே பார்த்துக்கொண்டே, "இன்னும் வரலீங்க, இன்னும் வரலீங்க" என்றாள். நான் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தேன். கடைசியில் வந்தது தாப்பா டவுன். என்சிக் வண்டியை ஓரங்கட்டினார். அவர் பின்கழுத்து சிவந்திருந்தது.

எனக்கு உறைத்தது: அப்பம் பாலிக் விற்கிறவர் காலையில் கடை போட்டு, மத்தியானத்துக்குள் மூட்டை கட்டிவிடுவார். நாங்கள் போனது மத்தியானம். அவள் பஸ்ஸில் போனதெல்லாம் காலையில். ஆனால் இதைச் சொல்வது என் வேலை இல்லையே. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனலட்சுமி அழவில்லை. "திருப்பச் சொல்லுங்கண்ணே. மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றாள்.

வண்டி திரும்பியது. அவள் வெளியே பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என்சிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், தூங்குகிறாளா என்பது போல. கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு மதகு. மேடாகக் கட்டியிருந்தது. வண்டி ஏறி இறங்கியதில் மூன்று பேரும் தூக்கிப் போடப்பட்டோம், என் தலை மேல்கூரையில் இடித்தது. அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"நிறுத்துங்க. இதுதான். இந்த இடத்துலதான் பஸ்ஸு தூக்கிப் போடும். என் தலை மேல கம்பியில இடிச்சிரும்னு அவரு எப்பவும் கைய வைப்பாரு."

கடைசி வரியைச் சொல்லும்போது அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. நான் அதையும் சேர்த்துத்தான் மொழிபெயர்த்தேன். என்சிக் வண்டியை நிறுத்தினார். மதகுக்குப் பக்கத்தில் ஒரு செம்மண் ரோடு உள்ளே போனது. அதன் முனையில் பாதி துருப்பிடித்த பலகை. லாக்மூர் எஸ்டேட்.

துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. என்சிக் பலகையைப் படித்தார், "காக்கி பெங்கோக்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், வண்டியை உள்ளே விட்டார். முடிந்தது, இனி அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று நினைத்தேன். இந்த வேலையில் முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள், சாமி. இனிமேல்தான் ஆரம்பம்.

லயத்து வாசலில், வரிசை வீடுகளுக்கு முன்னால், வண்டி நின்றதும் பெண்கள் எல்லாரும், சில ஆண்களும் வெளியே வந்தார்கள். முன்னால் நின்றவளைப் பார்த்ததுமே இவள்தான் குண்டக்கா என்று தெரிந்துவிட்டது. கதவு நிலையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றாள். தனலட்சுமி ஆசையாக இறங்கி அவளிடம் போனாள். என்சிக் பின்னாலேயே போய் தனலட்சுமியைக் காட்டிக் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: "இவங்களத் தெரியுமா உங்களுக்கு?"

குண்டக்கா தனலட்சுமியை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு இது? தெரியாதுலா. பாத்ததே இல்ல."

பின்னால் நின்ற ஒரு ஆள், "இந்த லயத்துல இப்படி யாரும் இல்லீங்க" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அதற்கும் மேலே போய், "இந்தத் தோட்டத்துலயே இல்லீங்க" என்றார்.

உங்களுக்கு இது புரியாது, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்து, அதிகாரிகள் தோட்டம் தோட்டமாகப் பேப்பரைக் கேட்டுக்கொண்டு வந்த காலத்துக்குப் பிறகு, அரசாங்க வண்டி லயத்துக்குள் வந்தால் நம் ஜனங்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். யாரைக் கேட்டாலும் தெரியாது. பெற்ற பிள்ளையைக் காட்டிக் கேட்டாலும் தெரியாது. அது அவர்கள் காட்டிய பாசம். பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கூட்டாக அவளைக் காப்பாற்றுகிறார்களாம். காப்பாற்றியே கப்பலேற்றப் பார்த்தார்கள்.

"அக்கா, என்னக்கா, நான் தனம்க்கா" என்றாள் அவள்.

குண்டக்கா வானத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே உதட்டை அசைக்காமல் என் பக்கமாக, "தம்பி, நம்ம ஆளுதான நீயி? இத அவருகிட்ட சொல்லிறாத. இவ இங்கதான் இருக்கா" என்று முணுமுணுத்தாள்.

ஆஹா, இதற்குத்தானே காத்திருந்தேன். உடனே என்சிக்கிடம் திரும்பி ஒரு வார்த்தை விடாமல் மலாயில் சொன்னேன், 'சொல்லிவிடாதே' என்றதையும் சேர்த்து. ஆனால் என்சிக் உதட்டைப் பிதுக்கினார். "சத்தமாகத் தெரியாது என்கிறாள், ரகசியமாகத் தெரியும் என்கிறாள். எதை நான் எழுதுவது?" என்று கேட்டுவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

அவர் போவதைப் பார்த்ததும் தனலட்சுமி, காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வர, அப்படியே வாசல் மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

குண்டக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. லயமே அதிர ஒரு கத்து.

"ஏன்டி, எந்திரிடி. மண்ணுல உக்காராத. அது என்னோட தீவாளிச் சேலைடி. ஆபீசுக்குக் கட்டிட்டுப் போன்னு குடுத்தா இப்படியா பொரட்டுவ?"

நான் மொழிபெயர்த்தேன். சத்தமாக, வண்டிவரை கேட்கும்படி மொழிபெயர்த்தேன். என்சிக் வண்டிக் கதவில் கையை வைத்தபடியே நின்றார். அப்போதுதான் எனக்குக் காலையில் அந்தப் பெஞ்சில் தூசி தட்டியது ஏன் என்று புரிந்தது. இரவல் சேலை.

என்சிக் திரும்பி வந்தார். "பார்த்ததே இல்லாத பெண்ணுக்குத் தீபாவளிச் சேலையைக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் மீசை ஆடியது.

குண்டக்கா திருதிருவென்று முழித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பொரிந்து தள்ளினாள். "ஆமாய்யா, தெரியும். எனக்குத் தங்கச்சி மாதிரி. சோறு பொங்கினா எனக்கு ஒரு வாய் குடுக்காம திங்காது. பெர்மிட் இல்லன்னு அவளப் புடிச்சிட்டுப் போறதா இருந்தா என்னையும் சேத்து ஏத்திக்குங்க, வண்டி தாங்குமான்னு பாத்துக்குங்க."

அதையும் சொன்னேன், வண்டி தாங்குமா என்பதையும். என்சிக் அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டார். அஞ்சலை. எழுதிக்கொண்டார். பையிலிருந்து விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த பெரியசாமியின் படத்தை எடுத்துக் காட்டினார். யார் என்று கேட்கக்கூட இல்லை. அதுவரை ஊமையாக நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில், "ரேடியோ" என்றார்கள். வாயை மூடாமல் பாடிக்கொண்டே லாரி ஓட்டுவாராம், அதனால் அந்தப் பெயர். அவருடைய அடையாளக் கார்டுப் பெயர் என்ன என்று கேட்டதற்குத்தான் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அதுவும் நிஜமான தெரியாது.

திரும்பி வரும் வழியில் நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். கம்பார் வந்தபோது என்சிக் மெல்ல வாயைத் திறந்தார்.

"ஒரே வீட்டில் இருக்கிறார்கள், சரி. ஊரே சொல்கிறது, சரி. அண்ணன் தங்கைகூட ஒரே வீட்டில்தான் இருப்பார்கள்."

என் சந்தோஷம் பொசுக்கென்று போய்விட்டது. அவர் சொன்னது தமிழில் போக வேண்டிய பேச்சு இல்லை, எனக்குச் சொன்னது. தனலட்சுமி என் முகத்தைத் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே சொல்றாரு?" என்றாள். "இன்னும் முடிவு பண்ணலம்மா" என்றேன். அவள் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். குண்டக்கா முணுமுணுத்ததை நான் விட்டிருந்தால், அல்லது காலையில் கால் கோணியதை நேராக்கியிருந்தால், வாசலில் நான் கத்திச் சொன்ன தீபாவளிச் சேலையை என்சிக் நம்பியிருக்கவே மாட்டார். இவன் அவர்கள் ஆள், அழுகிற பெண்ணுக்காகக் கதை கட்டுகிறான் என்று வண்டியை எடுத்திருப்பார். கேவலமாக இருக்கிற வார்த்தையை அழகுபடுத்தாதீர்கள். அசட்டுத்தனமாக இருக்கிற பதிலைச் சீர்படுத்தாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது.

அலுவலகத்துக்கு வந்தபோது எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெரியசாமி வராந்தாவில் அதே இடத்தில் நின்றிருந்தார். சட்டையின் கஞ்சியெல்லாம் வியர்வையில் கரைந்திருந்தது. மனைவி வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் முகம் கோணி, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நின்றார். பக்கத்தில் போகவில்லை. ஆபீஸ் அல்லவா.

என்சிக் இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். உட்காரக்கூட இல்லை.

"எங்கே குடியிருக்கிறீர்கள்?"

"லாக்மூர் எஸ்டேட், டிவிஷன் நம்பர் டூ" என்றார் பெரியசாமி.

"உங்கள் மனைவி காக்கி பெங்கோக் என்கிறாளே?"

பெரியசாமி மனைவி பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "அதயா சொன்ன? ஆபீசுல வந்து யாராச்சும் அதச் சொல்வாங்களா?" என்றார்.

"பின்ன நம்ம வீடு அங்கதான இருக்கு" என்றாள் அவள்.

இரண்டையும் சொன்னேன். என்சிக் தலையாட்டவில்லை. மேசைமேல் சாய்ந்து, பெரியசாமியை மட்டும் பார்த்து, நிதானமாகக் கேட்டார். தோட்டத்து ரோட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு மதகு இருக்கிறது, பஸ்ஸில் இரண்டு பேரும் போகும்போது அங்கே என்ன நடக்கும்?

கேள்வியைத் தமிழில் சொல்லும்போது ஒரு வார்த்தையைக்கூட அழுத்தவில்லை, கண்ணைக் காகிதத்தில் வைத்துக்கொண்டேன். தனலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியசாமிக்குக் கேள்வியே விளங்கவில்லை. சங்கத்து ஆள் இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. மதகை அவர் மனசுக்குள் தேடுவது தெரிந்தது.

"மதகா? அது ஒண்ணும் இல்லலா. பஸ்ஸு கொஞ்சம் தூக்கிப் போடும். அப்ப இவளுக்கு..."

ஆபீசில் இதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய கைதான் தானாக எழுந்தது. எழுந்து, விரல்களை விரித்து, மனைவியின் உச்சந்தலையில் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

என்சிக் என் பக்கம் திரும்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் இழுப்பறையிலிருந்து அனுமதி முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.